மூன்றாவது பச்சை விளக்கு

'இதுக்கும் நான்தான் பேப்பர் வைக்கணுமா…'

வசுந்தராவின் மனசுக்குள் முதலில் வந்தது பயமில்லை. இந்த அலுப்புதான். பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். யாருமில்லாத முன்னறையில் பிரிண்டர் தானாக உறுமியது. தாளை இழுக்கப் பார்த்து, தாள் இல்லாமல், டக்… டக்… என்று நின்றது. எட்டிப் பார்த்தாள். ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. தாள் வை என்று அர்த்தம்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யார் அனுப்பினார்கள் என்றுகூடப் பார்க்காமல், போய்த் தாள் வைத்தாள்.

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. 2005ஆம் வருடம் ஆடி மாதம், மதுரை திருநகரில், பட்டப்பகலில் நடந்தது. அந்த வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தெருப்பெயரை மட்டும் சொல்வதற்கில்லை. இப்போது அதில் வேறு குடும்பம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று நினைப்பவர்கள் ஆடி மாதத்து உச்சிவேளையில் அந்தத் தெருவில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு போகும். ஒரு கதவு திறந்திருக்காது. ஒரு குரல் கேட்காது.

வசுந்தராவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு ஆய்வேடு டைப் அடித்துக் கொடுப்பாள். கணவர் ராதாகிருஷ்ணன் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் மேலாளர். காலையில் போனால் இரவுதான் வருவார். மகன் ஸ்ரீநாத் பொறியியல் இரண்டாம் வருடம். வீட்டுக்குள் சௌராஷ்டிரத்தில்தான் பேச்சு. எந்த பாஷையில் பேசினாலும் அந்த வீட்டில் எல்லா வாக்கியங்களும் அவள் பெயரில்தான் ஆரம்பித்தன. வசு, சட்டைக்குப் பட்டன். அம்மா, ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை. அக்கா, நாளைக்குள்ள அம்பது பக்கம்.

அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. சொல்லக்கூடாது என்றில்லை. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே சோர்ந்து உட்கார்ந்துவிடும். சொல்லிவிட்டு அதன் பிறகு வருகிற முகங்களைப் பார்ப்பதைவிட, செய்துவிடுவது சுலபம் என்று பழகியிருந்தாள்.

அடுத்த வீடு சத்தியசீலன் சாருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஜாய்ஸ், ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே நீல வயர் இழுத்தது அவள்தான். அவள் வீட்டில் இன்டர்நெட் இருந்தது, பிரிண்டர் இல்லை. இங்கே பிரிண்டர் இருந்தது, இன்டர்நெட் இல்லை. வசுந்தராவின் மேசையில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு ஹப்பை வைத்து, அதில் மூன்று வயர்களைச் செருகினாள். ஒன்று வசுந்தராவின் கம்ப்யூட்டருக்கு. ஒன்று உள்ளறையில் ஸ்ரீநாத்தின் கம்ப்யூட்டருக்கு. மூன்றாவது ஜன்னல் வழியே வெளியேறி, காம்பவுண்டுச் சுவர் ஏறி, ஜாய்ஸின் அறைக்கு.

"பாருங்க ஆன்ட்டி, மூணு பச்ச லைட்டு. ரெண்டு முனையிலயும் மிஷின் முழிச்சிருந்தாத்தான் எரியும். ஒரு பக்கம் அமத்திட்டாலும் அணைஞ்சிரும். எங்க வீட்டுல நான் தூங்குறனா முழிச்சிருக்கனான்னு நீங்க இங்க இருந்தே வேவு பாக்கலாம்."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

"இருக்குறதுலயே அதுதான் ஆன்ட்டி நல்ல வேலை. உக்காந்துக்கிட்டே பாக்கலாம்ல."

அன்றிலிருந்து கேள்வித்தாளோ, சபையின் ஜெபக்கூட்ட நோட்டீசோ, ஜாய்ஸ் தன் அறையில் இருந்தே அனுப்புவாள். இங்கே அச்சாகும். அனுப்புவதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். "ஆன்ட்டி, பேப்பர் இருக்கா?" அச்சானதை வசுந்தரா எடுத்துப் போய், சுவரில் அறைந்த ஆணியில் தொங்கும் மஞ்சப்பைக்குள் போடுவாள். அவ்வளவுதான் ஏற்பாடு. அவளிடம் வேலை வாங்குகிறவர்களில், இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கியவள் ஜாய்ஸ் ஒருத்திதான். அதற்காகவே வசுந்தராவுக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த வருடம் தை மாதம் ஜாய்ஸ் இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல். இருபத்தொன்பது வயது. சத்தியசீலன் சார் அடக்கம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆடி மாதத்து அந்த உச்சிவேளைக்கு வருவோம்.

தாள் வைத்ததும் பிரிண்டர் ஒரு பக்கத்தைத் தள்ளியது. வெறும் தாள். ஒரு எழுத்து இல்லை. வசுந்தரா அதை எடுத்தாள். வாசலுக்கு வந்தாள். சுவரோரம் போய், எக்கி, மஞ்சப்பைக்குள் போட்டாள். திரும்பி வந்து பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

சாம்பார்ச் சட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது.

யாருக்குக் கொடுத்தோம்?

கை பழகின பழக்கம். பிரிண்டர் தானாக ஓடினால், எடு, போய்ப் பையில் போடு. ஆறு மாதமாக அந்தப் பை வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. 'பைத்தியக்காரி' என்று தன்னையே திட்டிக்கொண்டு, வெறும் தாள்தானே என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தாள். பையில் தாள் இல்லை.

ஆடிக் காற்று. அதுதான். வேறென்ன?

மறுநாளும் அதே நேரம். பகல் பன்னிரண்டே கால். டக்… டக்…

இந்த முறை திரையைப் பார்த்தாள். அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளைக் காட்டும் சின்னக் கட்டம் திறந்திருந்தது. வேலையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அனுப்பியவர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஜாய்ஸ்.

ராத்திரி மகனிடம் சொன்னாள்.

"பழசு ஏதாவது மாட்டிக்கிட்டு இருக்கும்மா" என்றான் ஸ்ரீநாத், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அவங்க அனுப்பி அச்சாகாம கெடந்திருக்கும். டெலிட் பண்ணிரு."

"பண்ணுனேன். மறுபடியும் புதுசா வந்துச்சு."

"அப்ப ஹப்ப அணைச்சு வையி."

"நீ ராத்திரி பிரிண்ட் எடுக்கணும்னு கத்துவ."

"ஆமா, கத்துவேன்" என்று சிரித்தான். ராதாகிருஷ்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வசு, மோர்" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வாரம் விருமாண்டி வந்திருந்தான். உசிலம்பட்டிக்காரன். மாட்டுச்சந்தையைப் பற்றி ஆராய்ச்சி. அத்தியாயம் தயாராகவில்லை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏக்கா, நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி? ஆவணிக்குள்ள குடுக்கலேன்னா கைடு என் தோல உரிச்சு அந்தச் சந்தையிலயே வித்துப்புடுவாரு."

"ரெண்டு நாள் பொறுத்துக்கப்பா. உடம்புக்கு என்னமோ முடியல."

அப்போதுதான் பிரிண்டர் ஓடியது. முதல் தாள் வெறுமையாக வந்தது. விருமாண்டி அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான்.

"அக்கா, இம்புட்டு சுத்தமா ஒண்ணுமே இல்லாம… எங்க கைடு எழுதுன புத்தகமா இது?"

இரண்டாவது தாள் வந்தது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இதுல ஒரு வரி இருக்குதே."

வசுந்தரா வாங்கிப் பார்த்தாள். தாளின் நட்ட நடுவில், சின்ன எழுத்தில்.

'ஆன்ட்டி பேப்பர் இருக்கா'

"யாருக்கா ஆன்ட்டி?"

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். விருமாண்டி போன பிறகு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பயந்தாளா என்றால், பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கும் அடியில் வேறொன்று இருந்தது. யாராவது தன்னிடம் இப்படிக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்ற நினைப்பு. 'இருந்தா குடு' என்கிற அந்தத் தயக்கம். 'பாவம், பிள்ளை. தாள்தானே கேட்கிறாள்.'

இடுப்பிலிருந்த தாளை எடுத்தாள். நீவி விட்டாள். கொண்டுபோய்ப் பையில் போட்டாள். இந்த முறை பழக்கத்தில் இல்லை. தெரிந்தே.

மறுநாள் வந்த வரி: 'இன்னும் கொஞ்சம் ஆன்ட்டி'.

அதற்கு மறுநாளும் அதேதான். வெறும் தாள்கள் பத்து, பன்னிரண்டு, நடுவில் அந்த வரியோடு ஒன்று. அவள் வைத்தாள். பையில் போட்டாள். சாயங்காலம் பை காலியாக இருந்தது.

உடம்பு விட்டுப்போக ஆரம்பித்தது.

முதலில் மத்தியானத் தூக்கம். பிறகு சாயங்காலமும் எழ முடியவில்லை. குடத்தைத் தூக்கினால் கை நடுங்கியது. சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது. டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையேம்மா என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தாளாக உருளை உள்ளே இழுக்கும்போது, தன் முதுகுத்தண்டிலிருந்து எதையோ நூல் நூலாக உருவுவது போல இருந்தது. தாள் நின்றால் அதுவும் நிற்கும். இப்படியே போனால் தீர்ந்துபோய்விடுவோம் என்று நன்றாகத் தெரிந்தது.

தெரிந்தும் வைத்தாள்.

ஆடி கடைசியில் ஒரு நாள். மாதம் ஒரு முறை வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். வசுந்தராவுக்குச் சின்ன சந்தோஷம்கூட. இன்றைக்கு அது ஓடாது. இன்றைக்கு யாரும் எதுவும் கேட்க முடியாது.

ஜன்னலைச் சாத்திவிட்டு முன்னறைத் தரையில் படுத்தாள். மின்விசிறி இல்லாத புழுக்கம். கண் மட்டும் மேசைக்குப் போனது.

ஹப்பில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பச்சை.

மூன்றாவது.

எழுந்து உட்கார்ந்தாள். சுவிட்சைத் தட்டினாள். மின்விசிறி அசையவில்லை. டியூப் லைட் எரியவில்லை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. மற்ற இரண்டு விளக்கும் இருட்டு. ஹப்பின் கரண்டு பின்னைச் சுவரிலிருந்தே பிடுங்கினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டு முனையிலும் முழித்திருந்தால்தான்…

இங்கே யார் முழித்திருக்கிறார்கள்? மிஷின் இல்லை. அவள்தான்.

அங்கே?

வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. நீல வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனாள். ஜன்னல். சுவர். சுவரடியில் ஒரு செங்கல்லைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள்.

வயர் அந்தப் பக்கம் இறங்கியது. ஜாய்ஸின் ஜன்னல் வரை போகவில்லை. பாதியில் தொங்கியது.

முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எதிலும் செருகப்படாமல்…

ஜன்னல் சாத்தியிருந்தது.

சாத்திய ஜன்னலுக்கு உள்ளே… ஒரு நாற்காலி நகர்ந்தது.

க்ரீச்…

இறங்கி, உள்ளே போய், ஹப்பிலிருந்து மூன்றாவது வயரைப் பிடுங்கினாள். கத்தரிக்கோலை எடுத்து, ஜன்னலோரம் அதை நறுக்கினாள்.

பச்சை அணைந்தது.

அன்றைக்கு முழுவதும் அழுதாள். ஒரு குழந்தையைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பி விரட்டியதுபோல மனசு அடித்துக்கொண்டது.

பிறகு பிரிண்டர் தானாக ஓடவே இல்லை. பத்து நாளில் குடம் தூக்க முடிந்தது. விருமாண்டியின் அத்தியாயங்கள் முடிந்தன. கடைசிப் பிரதி எடுப்பதற்கென்று டவுன்ஹால் ரோட்டில் மஞ்சள் சாயல் கொண்ட தடித்த தாள் ஒரு கட்டு வாங்கி வந்து, பிரிக்காமல் பீரோவில் வைத்தாள். மஞ்சப்பை எப்போதோ காற்றில் அறுந்து போயிருந்தது.

ஆவணியில் சத்தியசீலன் சார் திரும்பி வந்தார்.

காலையில் ஆட்டோ வந்த சத்தம் கேட்டது. மத்தியானம் அவரே வாசலில் வந்து நின்றார். பாதியாகியிருந்தார். கைகளில் ஒரு கத்தைத் தாள்.

"உள்ள வாங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா. இதைப் பாருங்க."

வாங்கினாள். மேலே இருந்ததைப் பார்த்தாள். நடுவில் ஒரு மடிப்புக் கோடு. அவள் இடுப்பில் செருகி, நீவி விட்ட தாள்.

"எங்க இருந்துச்சு சார்?"

"ஜாய்ஸ் ரூம்ல. அவ மேசையில. ஓரம் தட்டி, அழகா அடுக்கி… அவ அடுக்குற மாதிரியே." சார் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வீடு நான் பூட்டுனது பூட்டுனபடி இருந்துச்சும்மா. சாவி ரெண்டும் எங்கிட்டதான். ஜன்னல்ல உள்பக்கத் தாழ்ப்பாள்ல தூசிகூடக் கலையல."

"கம்ப்யூட்டரு…?"

"அதை அடக்கம் முடிஞ்ச மறுவாரமே சபை ஹாஸ்டலுக்குக் குடுத்துட்டேனே. காலையில நான் கதவத் தொறக்குறப்ப அந்த மேசையில இந்தத் தாளத் தவிர ஒண்ணும் கெடையாதும்மா. வெறும் மேசை."

ஆடி முழுக்க அவள் போட்ட தாள்கள் ஒவ்வொன்றாக அவள் கையில் புரண்டன. வெறும் தாள்கள். இன்னும் கொஞ்சம் ஆன்ட்டி. வெறும் தாள்கள். கடைசித் தாளுக்கு வந்தாள்.

அது மற்றவை போல் இல்லை. தடிப்பாக இருந்தது.

மஞ்சள் சாயல்.

நடுவில் ஒரு வரி.

'எப்ப வாரீங்க ஆன்ட்டி'

பீரோவில் அந்தக் கட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தது. காலையில்தான் பார்த்தாள். உறையில் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

சார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் பயமே இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. ஆறேழு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

"என் பிள்ளை உங்களத்தான் கேக்குறாம்மா. அப்பான்னு ஒரு வரி இல்ல… பரவாயில்ல. இதப் பாத்ததும் ஹாஸ்டல்ல சொல்லிக் கம்ப்யூட்டரத் திருப்பி வாங்கிட்டேன். மேசையில வச்சாச்சு. அந்த நீல வயர் அறுந்து கெடக்கு. அதை ஒட்டி மாட்ட எனக்குத் தெரியல. நீங்க ஒரு எட்டு வந்து மாட்டிக் குடுங்க. அப்பிடியே செத்த நேரம் அவ நாற்காலியில உக்காருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

வசுந்தராவின் நாக்கு நுனிக்கு, எப்போதும் வருகிற 'சரி சார்' வந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக அது வந்துகொண்டேதான் இருந்தது. பிள்ளையைத் தின்னக் கொடுத்த கிழவர். ஒரு வயர்தானே. ஒரு நாற்காலிதானே. அந்தப் பிள்ளையும் கெட்டதா கேட்டது? கூப்பிடத்தானே செய்கிறது.

முதுகுத்தண்டில் ஒரு நூல் லேசாக இழுபட்டது.

அவள் தாள்களை ஓரம் தட்டி அடுக்கினாள். அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இல்ல சார். நான் வரல."

"ஒரே ஒரு தடவம்மா…"

அவள் சத்தம் போடவில்லை. கோபப்படவில்லை. அவரது முகம் இருண்டு, உடைந்து, தரையைப் பார்க்கிறவரைக்கும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

"வரல சார்."